மேல்மாடி உக்ரைன்காரரின் பயோடேட்டா

மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சி வேண்டாம், கால்பந்து அகாடமிதான் வேண்டும் என்று பதினாறு வயது மகள் சொன்ன நாளில் எனக்கு பிரஷர் மாத்திரை ஒன்று கூடியது. அகாடமிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம், துபாய் அல் குசைஸில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் உக்ரைன்காரர். சிறிய கிளப் ஒன்றின் ஸ்ட்ரைக்கர். கோல் அடிப்பதுதான் உத்தியோகம். லிஃப்டில் அவரோடு பேசிப் பேசியே பெண் கெட்டுப்போனாள். அவர் வாயாலேயே அவளைப் பயமுறுத்தலாம் என்று ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன்.

கம்பெனியில் ஆளெடுப்பது என் வேலை. பயோடேட்டாவில் மூன்று கம்பெனிக்கு மேல் இருந்தால் ஓரமாக வைத்துவிடுவேன். சாம்பார் ஊற்றியதுமே ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

“இதுவரைக்கும் எத்தனை கிளப்?”

“ஒன்பது.”

கேட்டுக்கொள் என்று மகளைப் பார்த்தேன்.

“முதல் கிளப்பை ஏன் விட்டீங்க?”

“கோச்சுக்கு என்னைப் பிடிக்கலை.”

“ரெண்டாவது?”

“முழங்கால் ஆபரேஷன்.”

“மூணாவது?”

“போர். மைதானத்துல குண்டு விழுந்தது.”

மனைவி என்னை முறைத்துவிட்டு அவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள். நான் விடவில்லை.

“கோலே அடிக்காத சீசன் உண்டா?”

“உண்டே. வேற வேலை தேடக் கூடாதான்னு அம்மாவே போன்ல கேட்டாங்க.”

முகம் தெரியாத அந்த அம்மாள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

“அப்பா, இது என்ன இன்டர்வியூவா? ஸ்டாப் இட்!” என்றாள் மகள்.

அவர் சிரித்தார். “இப்ப நான் கேட்கிறேன், பாய். உங்க விசா எத்தனை வருஷம்?”

“ரெண்டு.”

“அப்புறம்?”

“கம்பெனிக்கு வேணும்னா புதுப்பிக்கும்.”

“வேண்டாம்னா?”

“கலாஸ். ஊருக்குப் போக வேண்டியதுதான்.”

“எத்தனை வருஷமா இப்படி?”

“இருபத்திரண்டு.”

எழுந்து வந்து தோளில் தட்டினார். “பாய், நாம ரெண்டு பேரும் ஒரே லீக்.”

மகள் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். “இவர் கோல் போட்டும் பல வருஷமாச்சு” என்று மனைவியும் சேர்ந்துகொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் ப்ரொபேஷன், நுழைவுத் தேர்வு வகுப்பையும் விடக் கூடாது என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான்.

முதல் நாளே பந்தோடு தடுக்கி விழுந்தாள். நான் மைதானத்துக்குள் ஓடினேன். அதற்குள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டவள், “அப்பா, யல்லா, வெளியே போங்க!” என்று விரட்டினாள்.

இப்போதெல்லாம் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். விசில் கேட்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, திரும்பச் சாத்திக்கொள்கிறேன்.