மேரியக்கா எழுதாத தேதிகள்

முசரவாக்கம் காலனியில் மேரியக்காவை யாரும் நர்ஸம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே சப் சென்டரில் ஊசி போட்டவரைப் பதவி சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. கூரம் கிராமத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. மிஷன் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, 1988இல் எங்கள் ஊருக்கு வந்தார். அப்போது எனக்கு நான்கு வயது.

புதன்கிழமைதான் ஊசி நாள். முதல் பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மருந்துக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு திரும்புவார். இடம் கிடைத்தால் பெட்டியை உட்கார வைத்துவிட்டு அவர் நிற்பார். “அதுக்கும் டிக்கெட் எடும்மா” என்று கண்டக்டர் சீண்டினால், “கைக்கொழந்தைக்கு ஏதுய்யா டிக்கெட்டு?” என்பார்.

ஊசி போடும் முன் குப்பியைத் தாயின் உள்ளங்கையில் வைப்பது அவர் வழக்கம். “ஜில்லுன்னு இருக்குதா, சொல்லு. இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு வூட்டுக்குப் போவலாம்.” எந்த உத்தரவிலும் இல்லாத வேலை அது. ஆனால் அந்தப் பெண்கள் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன மருந்துதான் அவர்கள் பிள்ளைகளின் உடம்புக்குள் போனது. போலியோ சொட்டு மருந்து குடித்தால் பிற்காலத்தில் வாரிசு இருக்காது என்று ஒரு பேச்சு கிளம்பிய வருடம், அவர் தன் மகளைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்து, எல்லோரும் பார்க்க முதல் சொட்டு அவளுக்குத்தான் விட்டார். “எனக்குப் பேரப்புள்ள வேணாமாடி? உங்களவிட எனக்கு ஆசை ஜாஸ்தி.” அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் காலனியில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சமில்லை. 2006இல் சின்ன காஞ்சிபுரத்தில் சம்பத்குமார் சார் நடத்திய பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பட்டுக் கடைக்காரர்கள் சேலை டிசைன்களை ஈமெயிலில் அனுப்ப வருவார்கள், மாணவர்கள் ரிசல்ட் பார்க்க வருவார்கள். அந்த வருடம் பெங்களூரிலிருந்து ஓர் அறக்கட்டளை சாரைத் தேடி வந்தது. தடுப்பூசிக்கு இன்டர்நெட்டில் பிரசாரம் செய்கிறார்களாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். அதில் படம், பெயர், விவரம். உலகத்தில் எங்கேயோ இருப்பவர்கள் பார்த்து வாழ்த்து அனுப்புவார்கள். அந்தப் பக்கத்தை அச்சடித்துப் பெற்றோரிடம் கொடுத்தால், ஊசியை மறக்க மாட்டார்கள். படம் எடுக்க டிஜிட்டல் கேமராவும் கொடுத்தார்கள்.

“உன் ஊர்லேர்ந்தே ஆரம்பிப்போம் சத்யராஜ்” என்றார் சார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மேரியக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “ஊசி போடறதுக்கு கம்ப்யூட்டர் எதுக்குப்பா? எம் புள்ளைங்க ஒழுங்காத்தானே வர்றாங்க?”

“உலகமே பாக்கும்க்கா.”

“உலகம் பாத்து இன்னா பண்ணப் போவுது? பஞ்சாயத்துத் தலைவர் ஒருதரம் வந்து எட்டிப் பாத்தார்னா, ஒழுகற கூரையாவது மாறும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

பெண்கள் என்னைத்தான் கேள்வி கேட்டார்கள். போட்டோ எதுக்கு, அமெரிக்காக்காரனுக்கு நம்ம பிள்ளை மேல் என்ன அக்கறை, புது மருந்தை நம்மிடம் போட்டுப் பார்க்கிறார்களா என்றெல்லாம். “நான் சொல்றேன், குடுங்கடி” என்று மேரியக்கா சொன்ன பிறகுதான் இருபத்திரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதில் கலையரசியின் மகளும் ஒருத்தி. ஏழு மாதக் குழந்தை. காமாட்சிக்கு நேர்ந்து பிறந்தவள் என்று ஏலவார்குழலி எனப் பெயர் வைத்திருந்தார்கள். குழலி என்று கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பாள்.

மே மாதம் 31ஆம் தேதி, புதன்கிழமை, அச்சடித்த தாள்களை மேரியக்கா தன் கையாலேயே கொடுத்தார். மறுநாள் காலை கலையரசியின் புருஷன் சிட்டிபாபு அந்தத் தாளோடு சப் சென்டர் வாசலில் நின்றான். தாள்களைப் பார்த்து எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று கேட்க நானும் அங்கே போயிருந்தேன்.

சிட்டிபாபு காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தான். அடித்த போஸ்டர்களைச் சைக்கிளில் எடுத்துப் போய்ச் சுவரில் ஒட்டுவது அவன் வேலை. தாளை மேரியக்காவின் மேசை மேல் விரித்தான்.

“யக்கா, இது இன்னா?”

“குழலி போட்டோப்பா. நல்லாத்தானே கீது?”

“நல்லா பாரு. மாசத்துக்கு முப்பது நாப்பது ஒட்டறவன் நானு. எனக்கா தெரியாது?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பக்கத்துக்கு ரோஸ் கலரில் ஒரு பூ ஓரம் இருந்தது. படத்தின் கீழே ஒரு விளக்கு அசைந்து அசைந்து எரியும். நம்பிக்கையின் ஒளியாம். எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை பிரின்டர். தாளில் பூ ஓரம் கறுப்பு மாலையாக விழுந்திருந்தது. விளக்கு அசையாமல் நின்றது. நடுவில் குழந்தையின் முகம், அதன் கீழே பெயர், அதற்கும் கீழே இடது பக்கம் ஒரு தேதி, வலது பக்கம் ஒரு தேதி. இடது பக்கம் 14.9.2005, பிறந்த நாள். வலது பக்கம் 14.6.2006, அடுத்த ஊசி போட வேண்டிய நாள். மற்றதெல்லாம் இங்கிலீஷ். எங்கள் காலனியில் எல்லோராலும் படிக்க முடிந்தது அந்த இரண்டு தேதிகளை மட்டும்தான்.

தோற்றம், மறைவு. காஞ்சிபுரத்துச் சுவர்களில் தினம் பார்க்கிற கண்ணீர் அஞ்சலி.

அந்தத் தேதிகளை டைப் அடித்தவன் நான். இருபத்திரண்டு தாள்களையும் எண்ணிக் கொடுத்தவர் மேரியக்கா. எங்கள் இருவர் கண்ணிலும் அது படவே இல்லை. எங்களுக்கு அவை ஊசிக் கணக்கு.

“உயிரோட கீற புள்ளைக்கு நாள் குறிச்சி குடுத்துக்கிறீங்களேக்கா” என்றான் சிட்டிபாபு. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் மேரியக்கா திருப்பிக் கத்திச் சமாளித்திருப்பார்.

“அய்யோ, அது ஊசி தேதிப்பா. தட்டம்மை ஊசி. ஒம்போது மாசம் முடியுது இல்ல?”

“அப்ப அன்னிக்கி ஊசி போட்டா முடிஞ்சிடும்னுதானே அர்த்தம்?”

சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு வீட்டிலும் தாளைக் கொளுத்திவிட்டார்கள். சம்பத்குமார் சார் பெங்களூருக்கு எழுதினார். எல்லா ஊருக்கும் ஒரே வடிவம், மாற்ற முடியாது, மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள் என்று பதில் வந்தது. நான் மேரியக்காவோடு வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பேச்சைத் தொடங்கினால் மட்டும் அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று உள்ளே போனார்கள்.

ஜூன் 14 அன்று சப் சென்டருக்கு ஒரு குழந்தையும் வரவில்லை. கலையரசி முதல் நாளே குழலியைத் தூக்கிக்கொண்டு தாமலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மேரியக்கா மதியம் வரை ஐஸ் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பிரவுசிங் சென்டரில் குழலி பக்கத்துக்கு ஒரு வாழ்த்து வந்திருந்தது. யாரோ ஒரு கனடாக்காரம்மா, இன்று உன் பெரிய நாள், தைரியமாக இரு செல்லமே என்று எழுதியிருந்தார். அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

அடுத்த வாரம் மேரியக்கா சிட்டிபாபுவின் வீட்டுக்கே ஐஸ் பெட்டியோடு போனார்.

“அந்தத் தேதி போயிடுச்சு பாரு. ஒண்ணும் ஆவலயே? இப்பவாவது போட்டுக்கலாம்பா.”

“அதான்க்கா நானும் சொல்றேன். அன்னிக்கி ஊசி போடாம வெச்சிருந்தோம், தப்பிச்சா. தப்பிச்ச புள்ளைய மறுபடியும் எதுக்குக் கொண்டாந்து நிறுத்தணும்?”

மேரியக்கா ஐஸ் பெட்டியின் வாரைத் தோளில் மாட்டினார். கலையரசி கதவுக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊசி போட விருப்பம் இருந்தது என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். “நான் கொஞ்சம் மல்லுக்கட்டியிருந்தா குடுத்திருப்பா. ஆனா அந்தப் பேப்பரை என் கையாலதானே குடுத்தேன்? எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?”

ஆடி பிறந்து பத்து நாளில் காலனியில் தட்டம்மை வந்தது. ஆறு குழந்தைகள். குழலி நான்காவது.

அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டால், வெளியாள் நுழையக் கூடாது. மருந்து கூடாது. வேப்பிலை போட்டுக் குளிப்பாட்டி மூன்று தண்ணீர் ஊற்றும் வரை குழந்தையை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. மேரியக்கா அந்த வழக்கத்தோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. முன்பெல்லாம் அவரை மட்டும் பின்வாசல் வழியாக விடுவார்கள். “நீ வெளியாளா?” என்பார்கள். இந்த முறை பின்வாசலிலும் வேப்பிலை இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் தெருவில் நின்றபடியே கலையரசியைக் கூப்பிட்டார். “சன்னல்கிட்ட கொழந்தைய எடுத்துக்கினு வா. சட்டைய தூக்கு.” கம்பிக்கு அந்தப் பக்கம் குழலியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். ஒரு நிமிடத்துக்கு அறுபத்திரண்டு. கண்கள் இரண்டும் சீழ் கோத்து ஒட்டியிருந்தன.

“சிட்டிபாபு, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுப்பா. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. நான் கூட வரேன்.”

“ரெண்டு தண்ணிதான் ஊத்திக்கீது. நாளான்னிக்கி மூணாவது. அதுக்கு மேல நீ சொல்றபடி செய்றேன்.”

“நாளான்னிக்கி வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியலப்பா.”

“உனக்குத் தேதி தெரியும்னுதானேக்கா இத்தினி நாளா நெனச்சோம்.”

அவர் அங்கேயே நின்றார். இருட்டும் வரை நின்றார். தூறல் போட்டபோது எதிர் வீட்டுப் பெண் கூப்பிட்டும் போகவில்லை. மறுநாள் காலையில் மறுபடி வந்து நின்றார். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று மதியம் கலையரசியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அவர் கையில் கொடுத்தாள். ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

உயிர் பிழைத்தது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அது மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அறக்கட்டளை அந்த வருடக் கடைசியில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. குழலியின் பக்கம் மட்டும் வெகுநாள் அப்படியே இருந்தது, இரண்டு கண்களோடு. எடுக்கச் சொல்லி நான் எழுதிய மெயில்களுக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு காலனிப் பெண்கள் மெல்ல மெல்ல ஊசிக்கு வந்தார்கள். நம்பி வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குழலியின் கண்ணைப் பார்த்துப் பயந்து வந்தார்கள். வந்தவர்கள் ஒரு நிபந்தனையோடு வந்தார்கள். 2008இல் கலையரசிக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, முதல் ஊசிக்குச் சிட்டிபாபுவே தூக்கி வந்தான். வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டான்.

“போட்டோ எடுப்பாங்களா?”

“இல்லப்பா.”

“பேரு, தேதி எழுதுவீங்களா?”

“அட்டையில எழுதணும்ப்பா. ரிஜிஸ்டர்ல ஏத்தணும். இல்லன்னா போட்ட கணக்கே இல்ல.”

“எழுதறதா இருந்தா நான் தூக்கிக்கினு போறேன்.”

மேரியக்கா பேனாவை மூடினார். குப்பியை எடுத்து அவன் கையில் வைக்கப் போனார். அவன் கையை நீட்டவில்லை. “போட்டு அனுப்புங்க” என்றான். போட்டார். அட்டையிலும் எழுதவில்லை, ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை.

சிட்டிபாபுவின் தெருவில் அப்படி எழுதாமல் பதினோரு பிள்ளைகளுக்குப் போட்டார். யாருக்கு எந்த ஊசி எப்போது முடிந்தது, அடுத்தது எந்தப் புதன் என்பதெல்லாம் அவர் மனசில்தான் இருந்தது. அந்தப் புதன் காலையில் அந்த வீட்டைத் தாண்டி நடப்பார். கதவருகே நின்று, “இன்னிக்கி வெயில் கம்மியாத்தான் கீது” என்பார். அவர்களும் புரிந்துகொண்டு குழந்தையைத் தூக்கி வருவார்கள். ஒருத்தியும் அவரோடு உட்கார்ந்து பேசமாட்டாள்.

ரிஜிஸ்டரைப் பார்த்த மேலதிகாரிக்கு அந்தத் தெரு முழுக்க ஊசி போடாத தெரு. மருந்துக் கணக்கும் இடித்தது. விளக்கம் கேட்டார்கள். எழுதாமல் போட்டேன் என்று சொன்னால் அது ஊசி போடாததை விடப் பெரிய குற்றம். “வரலைங்க, கூப்பிட்டும் வரலைங்க” என்றுதான் சொன்னார். பிள்ளைகளைக் கூப்பிடத் தெரியாதவர் என்று முடிவு செய்து, 2009 பிப்ரவரியில் அவரை மாற்றினார்கள். உத்திரமேரூரைத் தாண்டி ஓர் ஊர்.

கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப்பில் அவர் பையை நான்தான் வைத்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை. புதிதாக வரப்போகிற நர்ஸுக்கு அந்தப் பதினோரு பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்லிப் புரிய வைக்க அவகாசமும் இல்லை.

“நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதி வெச்சிக்கிறேன். யாருக்குத் தெரியப் போவுது?” பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன்.

அவர் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

“வேணாம்ப்பா. எழுத மாட்டேன்னு சொல்லித்தான் போட்டேன்.”

“அப்ப அடுத்த ஊசிக்கு?”

“அதான் எனக்கும் தெரியல” என்றார். பஸ் வந்தது. ஏறி, கூட்டத்துக்குள் போய்விட்டார்.