ஹாஜியார் பூ

மருதமுனையில் எங்கள் பக்கத்து வீட்டு ஹாஜியார் மனைவியோடு மலைநாட்டு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய், ஒரு பூஞ்செடியோடு திரும்பினார். மழைக்காலக் குளிரில் அது பிழைத்துக்கொண்டது. நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிவர வெள்ளை இதழ்கள். பெயர் அவருக்கும் தெரியாது.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த என் மனைவி, “அல்லாஹ்வே, அவர்ட தலையப் போலயே இரிக்கி” என்றாள். ஹாஜியாருக்கு உச்சி வழுக்கை, ஓரத்தில் மட்டும் நரைமுடி. அன்றிலிருந்து அவள் அதை ஹாஜியார் பூ என்றாள். ஒரு வாரத்தில் தெருவே அப்படிச் சொன்னது.

ஹாஜியாருக்குப் பெருமை தாங்கவில்லை. செடியைக் கொண்டுவந்த தன்னைக் கௌரவித்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீடு வீடாகக் கன்று பிரித்துக் கொடுத்தார். எங்களுக்கு இரண்டு.

உண்மையை உடைத்தவர் சலூன்காரர். ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, மற்றப் பக்கத்தைச் சீவியபடி, “ஹாஜியார், இதழக் கொஞ்சம் கட்டையா வெட்டவா?” என்று கேட்டாராம்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு ஹாஜியார் நேரே பள்ளிவாசல் நிர்வாகமான நம்பிக்கையாளர் சபையிடம் போய் முறையிட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மனைவியைப் பற்றித்தான் விசாரணை என்று நினைத்துக்கொண்டு போனேன். தலைவர் கேட்டதோ வேறு.

“சேர், நீங்க இங்கிலீஸ் படிப்பிக்கிற ஆள். இந்தப் பூவுட சரியான பேரச் செல்லுங்க. அதையே எல்லாரும் செல்லட்டும்.”

“டேசி” என்றேன். “பழைய இங்கிலீசுல பகலுட கண் எண்டு அர்த்தம். விடிஞ்சா விரியும், பொழுதுபட்டா மூடும்.”

“தலையப் பத்தி ஒண்டும் இல்லயே?” என்றார் ஹாஜியார்.

“இல்ல. கண் மட்டுந்தான்.”

“அப்ப சரி.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஒரு ஜனாஸா நல்லடக்க அறிவித்தலுக்கும் காணாமற்போன மாட்டுக்கும் நடுவில், இனி அந்தப் பூவைப் பகல்கண் என்றே அழைக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

தெரு கட்டுப்பட்டது. ஆனால் ஹாஜியார் காலையிலிருந்து மாலைவரை வாசல் கேற்றடியில் கதிரை போட்டு, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர். இரண்டே நாளில் பூவை விட்டுவிட்டு அவரைப் பகல்கண் என்றார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு என்று பயந்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “சேர், இங்கிலீசுல வேற அர்த்தம் ஒண்டும் இல்லயா?”

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

சித்திரை வெயிலில் எல்லா வீட்டுச் செடிகளும் கருகிப் போயின. பெயர் மட்டும் அவரோடு நின்றுவிட்டது. என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. ஹாஜியாரின் மனைவியிடம் போய், எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று மன்னிப்புக் கேட்டாள்.

அந்த அம்மா சிரித்தாராம். “அட புள்ள, அதக் கடையில கண்ட உடன எனக்கும் அவர்ட தலதான் நினைவு வந்திச்சி. இல்லாட்டி ஏன் அத வாங்கச் சொல்றன்?”