சாமியாருக்கு நான் கஞ்சி கொண்டுபோன நாள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. எங்கள் கத்தோலிக்கச் சாமியார்கள் அந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டளை. அப்படியும் கோவாவிலிருந்து ஒரு சாமியார் எப்போதாவது ஒளிந்து வருவார். எங்களைப் போலவே கறுப்பு. அரையில் ஒரு துண்டைக் கட்டினால் மீன்காரர்தான். அவர் வந்துதான் நடத்திவைக்க வேண்டும் என்று என் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

ஒரு விடியலில் வந்துவிட்டார். ஏரியில் பனி இறங்கி, பசியாவரம் தீவு இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று புரியாத அந்த வெள்ளையில் நானும் மிதந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் போயாக வேண்டும். அதற்குள் நடந்தால்தான் எனக்குக் கல்யாணம்.

அன்று பார்த்துப் பாடு பிரிக்கும் நாள். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டெடுப்போம். அந்த முறைதான் பாடு. ஆண்கள் கரையில் வரிசையாக நின்றபோது கோட்டைச் சேவகன் வந்தான். சாமியாரைக் காட்டி, "இவன் யாரு?" என்றான்.

ஊர்த்தலைவரான என் நைனா சட்டென்று சொன்னார்: "நம்ம ஆளுதான். பாடு எடுக்க வந்து நிக்கிறான்."

வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். கல்யாணமானவனுக்குத்தான் பாடு என்பது அங்கே நாய்க்கும் தெரியும். சேவகனும் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவன்தான்.

"அப்டின்னா பொண்டாட்டி எங்க?"

எல்லா ஆண்களும் நைனாவைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா, கண்ணு தெரியலையா? நான்தான்" என்றேன்.

ஓரமாக நின்ற, என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாமியார் சீட்டெடுத்தார். வலை இழுக்கத் துணையாள் என்று என் மாப்பிள்ளையையே நைனா கூட அனுப்பிவிட்டு, தானும் படகில் ஏறிக்கொண்டார். சேவகன் நம்பாமல் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

பொண்டாட்டி ஆயிற்றே, கஞ்சி கொண்டுபோக வேண்டாமா? முழங்கால் தண்ணீரில் படகுவரை நடந்தேன். பனி கலைந்து, தூரத்தில் பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கஞ்சி குடிப்பதுபோலக் குனிந்து சாமியார் கல்யாணச் செபத்தை முணுமுணுத்தார். எனக்குப் பின்னால், தண்ணீரில், என் மாப்பிள்ளை வலையைப் பிடித்து நின்றார். கரையிலிருந்து சேவகன் பார்த்துக்கொண்டே இருந்தான். புருஷன் என்று சொன்னவரை எதிரில் வைத்துக்கொண்டு இன்னொருவரை எப்படித் திரும்பிப் பார்ப்பேன்?

சம்மதமா என்று சாமியார் கேட்டார். கலயத்தைப் பார்த்தபடியே சம்மதம் என்றேன்.

பிறகு அவரைக் கேட்டார். பின்னால் வலை தண்ணீரை அளையும் சத்தம்தான் வந்தது. கோபமோ, மனம் மாறிவிட்டாரோ என்று என் உயிரே போனது.

"சம்மதம், சாமி" என்று பின்னாலிருந்து வந்தது. குரல் உடைந்திருந்தது. என் புருஷன் அழுகிறார். என்னால் திரும்ப முடியவில்லை.