என்டருக்கு முன்னால்

கட்டளையை அடித்து முடித்ததும் மதுவந்தி இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பிறகு திரையில் இருப்பதை எழுத்தெழுத்தாக உரக்க வாசிக்கிறாள். பக்கத்தில் இருப்பவர் ஒத்துப்பார்த்து "செரி" என்றால்தான் என்டர். அடுத்த கட்டளைக்கும் இதே சடங்கு.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்கு நடுவே அவள் வீடு. மாடியறை மேஜையில் இருப்பது டேட்டா சென்டர்களில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டி. பொறியியல் இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கல்லூரி கொடுத்தது. அதன் விசிறிச் சத்தம் தாங்காமல் ஆய்வகத்திலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. தயாரித்தவர்கள் பூட்டிவைத்த மென்பொருளைக் கழற்றிவிட்டு, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஒன்றை அதில் ஏற்ற வேண்டும். கிடங்குத் தூசி உள்ளே போகாமல் பழைய பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருப்பாள்.

"எந்தா சத்தம்டி இது! சாயா ஆறறது, கேட்டியா," என்று அம்மா நீலாம்பாள் கீழிருந்து கத்துவாள். மகள் காதில் விழாது.

இவள் ஒன்றும் பிறவி நிதானக்காரி அல்ல. போன செமஸ்டரில் இதே மாதிரி புராஜெக்டுக்குக் காக்கநாட்டு ஐ.டி. நிறுவனம் ஒன்று சுவிட்ச் இரவல் கொடுத்திருந்தது. கூட்டாளி கேசவ் சாப்பிட்டு வருவதற்குள் முடித்துக் காட்டும் ஆசையில், பழைய மென்பொருளை அழிக்கப் போய் மொத்த டிஸ்க்கையும் அழித்துவிட்டாள். புதியதை ஏற்றித் தரும் சின்ன இன்ஸ்டாலரும் அதில்தான் இருந்தது. பெட்டி அதன்பின் எழவே இல்லை. அந்த புராஜெக்டை நம்பித்தான் கேசவுக்கு அந்த நிறுவனத்தில் வேலை தருவதாகப் பேச்சு. அதுவும் போயிற்று. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்; திட்டாததுதான் அவளை அரித்தது.

இன்று கேசவ் வந்திருந்தான். மறுபடி அதே இடம், அழிக்கும் கட்டளை. இந்தப் பெட்டியும் போனால் இருவருக்கும் பட்டம் தள்ளிப்போகும். மதுவந்தி வாசிக்கத் தொடங்கினாள்.

"வாசிக்கண்டாம் மது. நேக்கு உன்மேல நம்பிக்கை உண்டு. நீ அடி," என்று கேசவ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

அவள் கண் நிறைந்துவிட்டது. எத்தனை மாதம் ஏங்கிய வார்த்தை!

"அன்னிக்கு நேக்கும் என்மேல நம்பிக்கை இருந்ததுடா," என்றாள். மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவனுடைய "செரி"க்குக் காத்திருந்தாள்.