சிவதாணுவின் பத்து மடக்கு

"இந்த மெஷினுக்கு முத்திரை எங்க இருக்கு, மக்களே?"

"முத்திரையா சார்? எதுக்கு?"

"அளக்குற சாமானம் எதுவானாலும் சரிபார்த்து முத்திரை வைக்கணும். இல்லன்னா அது சொல்றது செல்லாது."

"பேசாதீங்க சார், மூக்குல குழாய் இருக்கு. ஒரு மடக்கு தண்ணி தாறேன். ஒரே தடவதான் விழுங்கணும்."

"எத்தன மில்லி?"

"அஞ்சு."

"அந்த சிரிஞ்சுக்காவது முத்திரை உண்டா?"

சின்னவர் யாரானாலும் 'மக்களே' என்று கூப்பிடும் சிவதாணு இப்படித்தான் ஜெயஷீலாவுக்கு அறிமுகமானார். உணவுக்குழாயின் அழுத்தத்தை அளப்பது அவள் வேலை. மூக்கு வழியாக வயிறு வரை மெல்லிய குழாய், பத்து மடக்கு உப்புத் தண்ணீர், மடக்குக்கு ஒரு வண்ணப்படம். அவரோ முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலைக் கம்போளச் சந்தையில் சொந்த மைத்துனன் கடைத் தராசையே பிடுங்கிக்கொண்டு போனவர். மைத்துனன் இன்றுவரை பேசுவதில்லை.

பதினைந்துக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் அன்று முப்பத்தெட்டு. உணவுக்குழாயின் அடிவாய்த் தசை திறக்க மறுத்தது. தின்றதெல்லாம் நெஞ்சிலேயே நின்றது. டாக்டர் வாய்வழியே கருவியை விட்டு அந்தத் தசையைக் கீறிவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வரச் சொன்னார்.

வந்தபோது மனைவி உமையம்மையும் கூட வந்தாள்.

"மூணு மாசமா கஞ்சிதான் மோளே. மறுபடி அளந்து சொன்னாத்தான் கட்டி ஆகாரமாம். நேத்து பேப்பர் படிச்சுக்கிட்டே ஒரு தோசைய முழுசா தின்னுட்டாரு. ஞாபகம் வந்ததும் குற்றம் செஞ்சவராட்டம் எந்திரிச்சுப் போயி கை கழுவிட்டாரு."

"கீழ இறங்குச்சா?"

"என் கண்ணால கண்டேன்."

"கண்டது சாட்சி," என்றார் சிவதாணு. "அளவாகாது."

"நோவு தொடங்குன நாள்லேருந்து, இவரு ஏங்குவாருன்னு எட்டு மாசமா நான் பப்படம் பொரிக்கல்ல. நானும் கஞ்சிதான்."

அதற்குள் சிவதாணுவின் பார்வை மேசைக்குப் போயிருந்தது. "இது பழைய குழாய் இல்லையே?"

பழையது பழுதாகிவிட்டது, இது புதிது என்றாள் ஜெயஷீலா.

"முன்ன ஒரு தராசு, பின்ன ஒரு தராசா?" அவர் கழற்றியிருந்த சட்டைப் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு எழுந்தார். உமையம்மை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

ஜெயஷீலா அதிகம் பேசுகிறவள் அல்ல. புதுக் குழாயைச் சோதனைக் குடுவைக்குள் விட்டு, தெரிந்த அழுத்தம் ஏற்றி, திரையில் அதே எண் வருவதைக் காட்டினாள். சிவதாணு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை காட்டச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். வெளியே நோயாளிகள் முனகத் தொடங்கினார்கள். பிறகுதான் அவர் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

பத்து மடக்கு. ஒன்பது.

"மடக்கு ஒண்ணு குறையுதே," என்று பதறினாள் உமையம்மை.

"மடக்கு பத்துதான் அம்மா. அழுத்தம்தான் ஒன்பது. தசை நல்லா திறக்குது. எல்லாம் தின்னலாம்."

உமையம்மை அறிக்கையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

"முத்திரை எங்க? அது இல்லாம நான் அடுப்புல எண்ணெ வைக்கமாட்டேன்."

சிவதாணு மனைவியைப் பார்த்தார். அவருடைய தராசையே யாரோ பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. பிறகு ஜெயஷீலா பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு உண்ண வாறியா, மக்களே? நான் பப்படம் தின்னுறத பக்கத்துல இருந்து பாரு. சாட்சி போதும்."