படத் தொரசாணியின் குடைக்காரன்

குடை பிடிக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று சிரிக்கிறவர்கள், நுவரெலியாத் தூறலில் படம் தீட்டுகிற அம்மாவுக்குப் பின்னால் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். அடுத்தவர் கை நனையாதிருக்கத் தன் கை மரத்துப்போனவர்களே, உங்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும்.

மலை வரும்வரை

ஐம்பதுகளில் லண்டனிலிருந்து வந்த அந்த அம்மாவை எங்கள் தோட்டத்தில் ‘படத் தொரசாணி’ என்போம். சீமையில் துணிக்குப் பூவும் சோப்புப் பெட்டிக்குப் படமும் போட்டுப் பேர் வாங்கியவர். கொழும்புத் தேயிலைக் கம்பெனி ஒன்று டப்பாவுக்குப் படம் கேட்டிருந்தது. டப்பா விற்றால் இங்கேயே வேலை. விற்காவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். அவருக்கோ இந்த மலையை விட்டுப் போக மனசே இல்லை.

மலையைத் தீட்ட உட்கார்ந்தால், பனி வந்து மலையை எடுத்துக்கொண்டு போய்விடும். காத்திருப்போம். செடிகள், மரங்கள், ஏன், என் சொந்தக் கால்கள்கூட ஒவ்வொன்றாகக் கரையும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பனியையே தீட்டிவிட்டார். அந்தத் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி நடந்தேன். சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டி நமுத்துப்போயிற்று, சத்தியமாக. எதிரே வந்த கங்காணி நின்று கேட்டார்: “மழையே இல்லியே, ஏன்டா ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சு வர்ற?”

செல்லம்மாவின் பதில்

படத்துக்கு நின்றவள் செல்லம்மா. கொழுந்தெடுப்பதில் கைக்காரி, அதைவிட வாய்க்காரி. தொரசாணி ஆசையாகத் தமிழ் படித்தார். ஆனால் ‘கொழுந்து’ மட்டும் அவர் நாக்கிலிருந்து ‘கொழுந்தன்’ என்றே இறங்கும். மலைக்கு வந்ததும் பாடுவதுபோல் கேட்பார்: “செல்லம்மா, இன்னைக்குக் கொழுந்தன் நெறைய இருக்கா?”

கொழுந்தெடுக்கிற நிரை முழுக்கச் சிரிப்பு உருண்டோடும். ஒருநாள் செல்லம்மா கையை நிறுத்தாமலே சொன்னாள்: “ஒண்ணே ஒண்ணுதாங்க தொரசாணி. அதுவும் விடியக்காலம் பெரட்டுக்குப் பேர் குடுக்க வராம லயத்து வீட்டுல இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடக்கு.”

டப்பா

படம் முழுக்க என் குடைக்குக் கீழே வளர்ந்தது. டப்பாவில் வரவேண்டிய தமிழ்ப் பேரை மட்டும் பங்களாவுக்குள் உட்கார்ந்து எழுதினார். அங்கே மழையில்லை, எனக்கும் வேலையில்லை. கொம்பும் சுழியும் கொடிபோலப் படர்ந்திருந்தன. கொழும்புத் துரைமார் எழுத்தின் அழகைப் பார்த்தார்கள், வாசிக்கவில்லை. ஹட்டனில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரிடம் டப்பா வந்திறங்கியது: ‘பனிமலைக் கொழுந்தன்.’

விஷயம் தெரிந்ததும், ஏற்கெனவே வெள்ளையான தொரசாணி இன்னும் வெளுத்தார். பெட்டி கட்டினார். “கப்பலுக்கு முந்தி ஒருவாட்டி கடையைப் பாத்துட்டு வந்துருவோங்க” என்று பஸ்ஸில் அழைத்துப்போனேன். கடை வாசலில் ஒரே பெண்கள். ‘எனக்கொரு கொழுந்தன், எங்கக்காவுக்கொரு கொழுந்தன்’ என்று ஏலம் போடாத குறை. நானாவின் அலமாரி காலி.

கடைசி டப்பாவோடு வெளியே வந்த செல்லம்மா, மூடியைத் திறந்து நீட்டினாள். தேயிலை வாசத்துக்கு முன்னால் பனிதான் வந்தது. ஹட்டன் கடைத்தெருவே கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது: “பெட்டிய அவுத்து வைங்க தொரசாணி. இந்தக் கொழுந்தனாவது விடிஞ்சதும் அடுப்படிக்கு வந்துருவான்ல!”

தொரசாணியும் தங்கிவிட்டார், குடையும் என் கையிலேயே தங்கிவிட்டது. நான் குடை பிடிக்காத அந்த ஒரு சொல்தான் கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் குடை பிடித்தது.