வெங்காயம் உரித்த சம்பந்தி

கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தின் சூடு உள்ளங்கையில் இறங்கும். கூடவே சிகரெட் புகை, கிழிந்த ரெக்சின் சீட்டின் வாடை, தலைக்கு மேல் கரகரவென்று சுற்றும் காற்றாடி... ஜாசின் தியேட்டர் என்றால் எனக்கு இன்றும் இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பழைய கல்யாண வீட்டுக் காமெடிப் படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்களே, அதை மலாக்கா டவுனில் ஒரு மாலில் பார்த்தோம். அம்மா, நான், என் மகள் கவிதா. பேஸ்புக் முழுக்க ஒரே சண்டை... பழசா, புதுசா என்று. என் பங்குக்கு நானும் எழுதிவிடுகிறேன்.

பழைய படம் வந்தபோது நான் குருபோங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ரப்பர் எஸ்டேட்டில் லயம் என்கிற வரிசைவீடுகளில் ஒன்று எங்களுடையது; அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். அப்பா இறந்து ஆறேழு மாதம் இருக்கும். பால்மரம் வெட்டப் போன இடத்தில் நெஞ்சுவலி.

அதற்குப் பிறகும் அம்மா வேலைக்குப் போனார், சமைத்தார், வீட்டைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு மட்டும் நின்றுபோயிருந்தது. வீட்டில் ரேடியோகூடப் போடமாட்டோம்.

ஒரு ஞாயிறு மதியம் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ம்மா, ஜாசின்ல படம் ஓடுது. வாங்க, போய்ட்டு வருவோம்."

"லயத்துல என்னா பேசுவாங்க?"

"பேசட்டும்லா. டிக்கெட் நான் எடுக்குறேன்."

அம்மா எழுந்து போய் முகம் கழுவினார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் சமையல்காரர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கும் மாப்பிள்ளையின் அப்பாவைச் சமையல்காரர் என்று நினைத்து இழுத்துப் போய், ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அவரும், பெண் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று உரிக்க ஆரம்பிப்பார். கண்ணில் தண்ணீர் கொட்டும். வருகிறவர் போகிறவர் எல்லாம், சமையல்காரருக்கு நம் பெண் மேல் இவ்வளவு பாசமா என்று அவர் முதுகைத் தடவி ஆறுதல் சொல்வார்கள்.

அந்த சீனில் அம்மா சிரித்தார்.

முதலில் முந்தானையால் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தார்... முடியவில்லை. தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார். நான் படத்தை விட்டுவிட்டு அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் விளக்கு போட்டபோதுதான் தெரிந்தது, பின்வரிசையில் எங்கள் லயத்துப் பெண்கள் சிலர். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கூட்டம், அம்மாவும் வாளியோடு நின்றார். எங்கள் லயத்துச் செல்லம்மா அக்கா அன்று படத்துக்கு வரவில்லை. ஆனால் விஷயம் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது.

"புருஷன் போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள தியேட்டர்ல என்னா சிரிப்பு வேண்டியிருக்கு?"

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மா பக்கத்தில் போய் நின்றேன். கூட்டிப் போனது நானல்லவா.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஆமாக்கா, சிரிச்சேன். அவரு இருந்திருந்தா தியேட்டரையே ஒரு வழி பண்ணியிருப்பாரு. அவரு சிரிப்பு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் இல்லை. லயத்தின் இந்தக் கோடியில் அப்பா சிரித்தால் அந்தக் கோடிக்குக் கேட்கும். செல்லம்மா அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வேலைக்காடு, கோயில், வீடு... இவற்றைத் தவிர அவர் வேறெங்கும் போய் நான் பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் அடுப்படிப் பக்கம் வந்து நின்றார்.

"அந்த வெங்காயப் படம்... இன்னும் ஓடுதா?"

"ஓடுதுக்கா," என்றார் அம்மா. "நாளைக்கு மத்தியானம் கெளம்பி இருங்க."

மூன்று பேரும் போனோம். செல்லம்மா அக்கா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் எழுந்து திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு லயத்தில் எங்கள் சினிமாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வந்த படத்துக்கு வருகிறேன். வெங்காயம் கிடையாது. சம்பந்தியைச் சாப்பாடு டெலிவரி செய்கிறவர் என்று நினைத்து விரட்டுகிறார்கள். சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெளியே வந்தால் ஆளுக்கொரு தீர்ப்பு. லிப்டில் ஓர் அங்கிள், "வெங்காயம் இல்லாம என்னா படம்லா இது," என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பையன், "நான் பழசு பாத்ததே இல்ல அங்கிள், எனக்கு ஓகே," என்றான்.

கவிதா கட்சி வேறு. "மம்மி, பழைய படத்துல கல்யாணப் பொண்ணு வாயே தொறக்கல. இதுல அவதானே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறா?"

அது நியாயம்தான். ஆனாலும் நான் அடித்துச் சொன்னேன், பழசுக்குப் பக்கத்தில்கூட இது வராது என்று. எனக்குத் துணைக்கு அம்மா இருக்கிறார் என்ற தைரியம். காரில் ஏறியதும் கேட்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. எது நல்லா இருந்துச்சு?"

"புதுசு."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏம்மா? அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்களே?"

"சிரிச்சேன். அப்புறம் லைட்டு போட்டாங்க, பின்னால நம்ம லயத்து ஆளுங்க. அதுக்கு மேல படம் எங்க மனசுல ஏறுச்சு? அடுத்த வாரம் போனப்ப செல்லம்மா அக்கா மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்குத்தான் கால நீட்டிக்கிட்டு முழுசா பாத்தேன்."

நான் காரைக் கிளப்பினேன். அந்த ஜாசின் தியேட்டர் இப்போது பர்னிச்சர் கடை. லயம் இருந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். செல்லம்மா அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் இத்தனை வருடம் ஆசையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்... அம்மாவுக்கு அவை எப்படி இருந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பின்சீட்டில் கவிதா போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, அடுத்த மாசம் இன்னொரு காமெடி வருது. டிக்கெட் போடவா?"

"போடு," என்றார் அம்மா. "நடுவுல சீட்டு கெடைக்குதான்னு பாரு."